முள் அசையாத கட்டி

ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது மவ்ஜூதா எதையாவது கரண்ட் மீட்டரின் கம்பியால் தொட்டுப் பார்த்துவிடுவாள். உஸ்பெக் நாட்டு மர்கிலான் சந்தையில் கற்கண்டு விற்பவள். அதற்கு முன் பட்டு ஆலையில் பதினொரு வருஷம் அந்த மீட்டரால் தண்ணீர் சோதித்தவள். வீட்டில் கணவரின் சூப்பிலும் இரண்டு கம்பிகளை விட்டு, முள் சாய்வதைப் பார்த்து, "உப்பு தூக்கல்" என்பாள். அவர் ரொட்டியைத் தோய்த்துக்கொள்வார். சந்தைக்காரர்களுக்கு அவள் 'கரண்ட் அக்கா'.

வியாழக்கிழமை காலை அவளை யாரும் கேலி செய்யவில்லை. பக்கத்துக் கடை ரானோவின் மகளுடைய நிக்காஹ் கற்கண்டை ஏற்றிவந்த கைவண்டி கவிழ்ந்து, சாயக்காரர் தோஹிரின் படிகாரத்தோடு கலந்துவிட்டது. இரண்டும் கண்ணாடி போன்ற கட்டிகள். மணமக்கள் ஆளுக்குப் பாதி கடிக்க வேண்டிய கற்கண்டு. துவர்த்தால் ஆயுசுக்கும் ஊர் பேசும். புதிதாகக் காய்ச்சினால் கட்டி வளர ஒரு வாரம் ஆகும். நிக்காஹ் இன்று ஒரு மணிக்கு.

"நக்கிப் பாத்துப் பிரிச்சிடலாமே" என்றார் தோஹிர்.

"மூணாவது கட்டியிலயே நாக்கு மரத்துடும். அப்புறம் உங்க தாடியும் கற்கண்டும் எனக்கு ஒண்ணுதான்!" என்றாள் மவ்ஜூதா.

கெட்டில் மூடியில் வழிந்த ஆவிநீரைக் கிண்ணத்தில் பிடித்தாள். ஒரு கட்டிமேல் ஒரு சொட்டு விட்டு, கம்பிகளை வைத்தாள். முள் துள்ளியது.

"பாத்தீங்களா! படிகாரம் கரைஞ்சா கூட்டல் கழித்தல்னு பிரிஞ்சு ஓடும். கரண்டைச் சுமக்குறது அதுங்கதான். சர்க்கரை கரைஞ்சாலும் உள்ள கைகோத்தது கைகோத்ததுதான். முள் தூங்கும்."

அடுத்த கட்டிக்கும் துள்ளியது. அதற்கடுத்ததற்கும். தொட்ட பத்தும் துள்ளின. ரானோ தலையில் கைவைத்தாள்.

"எல்லாத்தையும் கால்வாயில கொட்டிடலாம் அக்கா."

"இருடி!" மவ்ஜூதா கட்டியை வெயிலில் திருப்பினாள். மேலே மாவுபோல் வெள்ளைத் தூள். "எல்லாத்துலயும் படிகாரத் தூள் ஒட்டியிருக்கு. கழுவிட்டுப் பாக்கணும். தண்ணி! மூடியில வழியிற தண்ணிதான் வேணும், குழாய்த் தண்ணி ஆகாது. அதுலயும் உப்பு இருக்கு!"

சந்தையே கெட்டில் ஏற்றியது. கறிக்கடைக்காரர் புலாவ் அண்டாவின் மூடியையே தூக்கி வந்தார். "கொழுப்போட கொண்டாறியே மாமா!" என்று விரட்டினாள். ஒவ்வொரு கட்டியையும் நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, புதுச்சொட்டு விட்டுத் தொட்டாள். துள்ளினால் கூட்டம், "தோஹிருக்கு!" என்று கத்தியது. அசையாவிட்டால், "பொண்ணுக்கு!"

பதினொன்றரைக்குத் தட்டு நிரம்பியது. ரானோ மட்டும் தட்டைத் தொடவில்லை. துவர்த்துவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மவ்ஜூதா மேலிருந்த கட்டியை எடுத்து நறுக்கென்று பாதி கடித்தாள். மீதிப் பாதியை ரானோவின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"இனிக்குது, கடிடி! ஒரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்துடுவாங்க."