பெட்டியைச் சரியவிடாத மனிதர்

நான் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு ஓட்டிய காலம். ஒருநாள் வெள்ளைச் சப்பாத்துப் போட்ட தடித்த மனிதர் ஒருவர் தகரப்பெட்டியோடு வந்தார். உள்ளே எலும்பு. அவரோடு கப்பலில் வேலை செய்த நெடுந்தீவுக்காரன், வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டவன். அவனுடைய தாய் கேட்டபடியால் எலும்பைத் தோண்டி எடுத்துக் கொண்டுவந்திருந்தார்.

எலும்போடு ஏறமாட்டோம் என்று சனம் கரையிலேயே நின்றது. எனக்கும் விருப்பமில்லை.

"அண்ணை, பெட்டியை முன்னுக்கு, அணியத்தில வையுங்கோ," என்றேன்.

"ஏலாது தம்பி. முன்னுக்கு ஆட்டம் கூட. அவனுக்கு வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும்."

"கப்பல்காரனுக்கோ?"

"பன்னிரண்டு வருசமும் சத்தியெடுத்தபடிதான் வேலை செய்தவன். வாளி பிடிச்சது நான்."

சனம் சிரித்துவிட்டது. "அப்ப நடுவில இருத்துங்கோ," என்று ஒரு அக்கா முதலில் ஏறினாள். மற்றவர்களும் ஏறினார்கள்.

அலை அடித்தபோதெல்லாம் அவர் பெட்டியைச் சரியவிடாமல் தூக்கிப் பிடித்தார்.

நெடுந்தீவுத் துறையில் தாய் நின்றாள். "வழியில கஷ்டப்பட்டவனோ?" என்று கேட்டாள்.

"இல்லையம்மா. ஒருக்காவும் சத்தியெடுக்கேல்லை."

அலைக்கு அலை நான் எஞ்சினைக் குறைத்து ஓட்டியதை அவர் கவனித்தாரோ தெரியாது. நானும் சொல்லவில்லை.