சவாசனத்தில் படுக்க முடியாதவள்

யோகா கிளாஸில் எல்லாருக்கும் பிடித்த ஆசனம் எனக்கு ஆகவே ஆகாது. கடைசியில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார்களே, சவாசனம், அதுதான். முட்டி வலிக்காது, முதுகு இழுக்காது, சும்மா கிடந்தால் போதும். சிலர் குறட்டையே விடுவார்கள். நான் மட்டும் விருட்டென்று எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

மந்தைவெளியில் எங்கள் ஃபிளாட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு மாடியில் கிளாஸ். என் வீட்டுக்காரர் போனபிறகு எனக்குத் தூக்கம் சுத்தமாகப் போச்சு. அடையாறில் பார்த்த டாக்டர், "யோகா பண்ணுங்கம்மா, மனசு லேசாகும்" என்றார். வெளிநாட்டில் இருக்கிற மகள் அதைப் பிடித்துக்கொண்டு வீடியோ காலில் நச்சரித்தாள். அவளுக்கென்ன, அங்கேயிருந்து சொல்லிவிடலாம்! "மூச்சை மட்டும் கவனிம்மா" என்பாள். இந்த வீட்டில் கவனிக்க வேறென்ன இருக்கிறது? ஒரே ஒரு மூச்சுதான், அதுவும் என்னுடையது.

டீச்சர் என் மகளைவிடச் சின்னவள். "எண்ணம் வந்தா வரட்டும் ஆன்ட்டி, தானாப் போயிடும்" என்பாள். எனக்கு வந்தது போகவில்லை. அவரை எங்கள் ஹாலில் தரையில் கிடத்தியிருந்தார்கள். பழைய வேட்டியிலிருந்து ஒரு துண்டு கிழித்து, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து மைத்துனர் கட்டினார். என் வீட்டுக்காரருக்குக் காலை அகட்டிப் போட்டுத்தான் தூக்கம் வரும். முக்கால் கட்டிலை அவரே எடுத்துக்கொள்வார், நான் தினமும் திட்டுவேன். அப்படிப்பட்ட மனுஷனுடைய காலைப் போய்ச் சேர்த்துக் கட்டினார்கள். மல்லாந்து கண்ணை மூடினால் போதும், அந்த முடிச்சுதான் வந்து நிற்கும்.

ஒரு நாள், இன்றைக்கு எழுந்திருக்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தேன். டீச்சர் கால்மாட்டில் வந்து நின்றாள்.

"ஏன் ஆன்ட்டி காலை இப்படி ஒட்டி வச்சிருக்கீங்க?"

தலையைத் தூக்கிப் பார்த்தேன். என் கட்டைவிரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. சத்தியமாக எனக்குத் தெரியாது. அவள் குனிந்து குதிகாலைப் பிடித்து ஒவ்வொரு காலாக விலக்கி வைத்தாள். சூடான கை. என்னை ஒருத்தர் தொட்டு எத்தனை மாசம் ஆச்சு! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வியர்வையைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டேன். ஆனால் எழுந்து உட்காரவில்லை.

மறுநாள் காலை வீட்டிலேயே செய்து பார்த்தேன். அவரைக் கிடத்திய அதே ஹால்தான், எனக்கு வேறு இடமும் இல்லை. பாயை விரித்து, காலை நன்றாக அகட்டி, கையைத் தளர விட்டுக் கண்ணை மூடினேன். வேலைக்காரி வருகிற நேரம் என்று கதவை வெறுமனே சாத்தி வைத்திருந்தேன். அதை மறந்தே போனேன்.

"ஐயையோ! யம்மோவ்!"

நொச்சிக்குப்பத்திலிருந்து வருகிறவள், தெருவுக்கே கேட்கிற குரல். பக்கத்தில் தொப்பென்று விழுந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள், கன்னத்தில் தட்டினாள். கண்ணைத் திறந்தேன்.

"உசுரோட கீறியா! இன்னாம்மா இது, தரையில இப்டிப் படுத்துக்கினு! எனுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"யோகாடி. மனசு லேசாகுமாம்."

"உன் யோகாவுல மண்ணு விழ!"

மாரில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"பயந்துட்டியா?"

"பின்ன?"

எனக்காக ஒருத்தி அலறியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

"செரி, படு. நான் பாத்திரம் தேய்ச்சிக்கினே கூப்புடுவேன். கொரல் குடுக்கணும், இன்னா?" என்று சமையலறைக்குள் போனாள்.

மறுபடி படுத்தேன். குழாய்ச் சத்தத்துக்கு நடுவில் "யம்மா" என்பாள். "இருக்கேன்டி" என்பேன். கொஞ்சம் கழித்து மறுபடி "யம்மா" என்பாள். "இருக்கேன், இருக்கேன்." கை கால் எல்லாம் தன்பாட்டுக்குத் தளர்ந்து கிடந்தன. முடிச்சு வரவில்லை.

வேலையை முடித்து, கதவைச் சாத்திக்கொண்டு அவள் அடுத்த வீட்டுக்குப் போனாள். நான் எழுந்திருக்கவில்லை. வெகுநேரம் அப்படியே கிடந்தேன், யாரும் கூப்பிடவில்லை. கண்ணைத் திறக்காமல் நானே ஒரு தடவை, "இருக்கேன்" என்று சொன்னேன்.