பாரம் ஏறினால் அலறும் பெல்ட்

மலையடிவார ஊரில் அவளைத் தெரியாத நோயாளி வீடு கிடையாது. எல்லோருக்கும் அவள் சிலிண்டர் அக்கா. ஆக்சிஜன் சிலிண்டர்களை வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்கி, குழாயைப் பொருத்தி, அளவு காட்டும் முள் சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதுதான் அவள் வேலை. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு லாரி அவள் இடது முழங்காலை நொறுக்கியது. அதன்பிறகு அந்தக் கால் மடங்கவில்லை. இரண்டு சக்கர வண்டியில் சிக்னலுக்குச் சிக்னல் கால் ஊன்றி நிற்பது நடக்காத காரியம். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று என்று அமைந்த மூன்று சக்கர மோட்டார் சைக்கிளை ஒரு கம்பெனி பழைய வண்டி விலைக்கு விற்றபோது அவள் முதலாளி அதை வாங்கிக் கொடுத்தார். நின்றாலும் சாயாத வண்டி. கியர் எல்லாம் கைப்பிடியிலேயே.

தையல்காரரான அவள் கணவருக்கு அந்த வண்டி ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "கடையில உக்காந்து பட்டன் தைக்கலாம்ல" என்று மாதத்துக்கு ஒருமுறை சொல்வார். அவள் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள். பட்டன் தைத்தால் யாருக்கும் மூச்சு வராது என்று ஒருமுறை மட்டும் பதில் சொன்னாள். அதோடு அவரும் குரலைக் குறைத்துக்கொண்டார்.

அந்த வண்டிக்குச் சங்கிலி கிடையாது. எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் பல் வைத்த தடித்த ரப்பர் பெல்ட் ஒன்றுதான் ஓடும். பழைய பெல்ட் தேய்ந்துபோனதால் ஒரு மாதம் முன்பு மெக்கானிக் புதிது போட்டுக் கொடுத்தான். போட்ட மறுநாளே சத்தம் தொடங்கியது. சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு மேட்டில் போகும்போது பின்னாலிருந்து ஓர் அலறல் எழும். சிலிண்டரை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது வண்டி பூனை மாதிரி வரும்.

இரண்டு முறை பட்டறைக்குப் போய்ச் சொன்னாள். இரண்டு முறையும் மெக்கானிக் வண்டியை வாங்கித் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தான். சிலிண்டர் இல்லாத வெறும் வண்டி. சத்தமே இல்லை. பெல்ட்டை விரலால் சுண்டிக் காட்டி, நல்ல முறுக்காக இருக்கிறது, தொளதொளவென்று விட்டால்தான் பெல்ட் பல் தாண்டி வழுக்கும் என்று விளக்கினான். கூடவே, காதை டாக்டரிடம் காட்டுங்கள் அக்கா என்று சிரித்தான். பட்டறையில் இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள்.

அவள் வீட்டுக்கு வந்து, சீட்டுக்கு அடியில் கிடந்த வண்டியின் கையேட்டை எடுத்துப் படித்தாள். பெல்ட்டின் நடுவில் நாலரை கிலோ இழுவை கொடுத்தால் அது எட்டிலிருந்து பத்து மில்லிமீட்டர் வரை இறங்க வேண்டும் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி: ஓட்டுபவரும் வழக்கமான பாரமும் வண்டியில் இருக்கும்போது அளக்கவும். அவளுக்குப் பொறி தட்டியது. பாரம் ஏறும்போது ஸ்பிரிங் அமுங்கி, பின்சக்கரத்தைத் தாங்கும் கம்பிக்கை மேலே எழும்புகிறது. அப்போது சக்கரம் எஞ்சினை விட்டு ஒரு நூல் விலகும். வெறும் வண்டியில் முறுக்காக வைத்த பெல்ட், பாரத்தோடு போகும்போது விறைத்துப் போகிறது. சனிக்கிழமை சிலிண்டர்களோடு போய் மெக்கானிக்கிடம் காட்டலாம் என்று நினைத்திருந்தாள்.

வியாழக்கிழமை மதியம் இரண்டரைக்கு மலைமேல் குடியிருப்பிலிருந்து போன் வந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அங்கே இருந்தார். நுரையீரல் பாதிக்குமேல் போய்விட்டது. காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் மின்சார இயந்திரம் வீட்டில் உண்டு, சிலிண்டர் அவசரத்துக்குத்தான். பேசியது அவருடைய மருமகள். காலையிலிருந்து கரண்ட் இல்லை, சிலிண்டரில்தான் ஓடுகிறது, முள் சிவப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்றாள். அவள் சொன்ன அளவை வைத்துச் சிலிண்டர் அக்கா மனதுக்குள் கணக்குப் போட்டாள். நாலு மணி வரை தாங்கும். மேலே போக சாதாரணமாக நாற்பது நிமிஷம்.

இரண்டு சிலிண்டர்களைப் பின்னால் ஏற்றி வாரால் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவு வரை வழக்கமான அலறல்தான். அதற்குமேல் அந்தச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் புகுந்தது. மாவு அரைக்கிற மாதிரி ஒரு கரகரப்பு. பின்னாலிருந்து சூடான கிரீஸ் வாடை வந்தது. ஓரம் கட்டி இறங்கி, பின்சக்கரத்தின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாள். தொடுவதற்கு முன்பே சுட்டது.

பேரிங் வெந்துகொண்டிருந்தது. விறைத்த பெல்ட் சக்கரத்தை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருக்க, மேடு ஏற ஏற அந்த இழுப்பு பேரிங்கைத் தின்றுகொண்டிருந்தது. இப்படியே போய் வளைவில் சக்கரம் இறுகிப் பிடித்துக்கொண்டால், பக்கத்தில் தடுப்புச் சுவர் கூடக் கிடையாது.

முதலாளிக்குப் போன் போட்டாள். வேன் ஊரின் அந்தக் கோடியில் இருப்பதாகவும், வந்துசேர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றும் சொன்ன அவர், மெதுவாக உருட்டிக்கொண்டு போய்விட முடியாதா என்று கேட்டார். மெக்கானிக்குக்குப் போட்டாள். நாளைக்குக் கொண்டு வாங்க அக்கா, பார்த்துவிடலாம் என்றான். ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் எண்ணை மருமகளுக்குச் சொல்லி, உடனே கூப்பிடச் சொன்னாள். கூப்பிட்டாயிற்று, வெளியே போயிருக்கிறதாம், திரும்பியதும் அனுப்புகிறார்களாம் என்று பதில் வந்தது. மேலே போகிற வண்டி எதையாவது நிறுத்தலாம் என்று ஐந்து நிமிஷம் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஒரு ஸ்கூட்டர் மட்டும் போனது. அதில் மூன்று பேர் இருந்தார்கள்.

வளைவைத் தாண்டி நூறு அடியில் ஒரு பழைய இரும்புக் கடை. வாசலில் சங்கிலியில் ஸ்பிரிங் தராசு தொங்கியது. அதைப் பார்த்ததும் அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. வண்டியை நடை வேகத்தில் அங்கே கொண்டுபோய் நிறுத்தினாள். மணி மூன்று ஐந்து.

கடைக்காரம்மா ஐம்பது வயதுப் பெண். தராசை எதற்கு என்று கேட்டாள். சிலிண்டர் அக்கா இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். மேலே ஒருவர் மூச்சுக்குக் காத்திருக்கிறார், வண்டியின் பெல்ட்டைத் தளர்த்தாமல் போக முடியாது. கடைக்காரம்மா அதற்குமேல் கேட்கவில்லை. சின்னத் தராசு ஒன்று, பெட்டி நிறைய ஸ்பேனர், ஓர் இரும்பு அளவுகோல் எல்லாவற்றையும் தரையில் கொட்டினாள். பேரிங் சூட்டைப் பார்த்துவிட்டு ஒரு குவளைத் தண்ணீரோடு ஓடி வந்தாள். சிலிண்டர் அக்கா கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தாள். "வேணாம்மா. சூட்டுல தண்ணி பட்டா வெடிப்பு விட்டுரும். அதுவா ஆறட்டும்."

பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டாள். "வண்டியில ஆள் உக்காந்தாதான் அளக்க முடியும். நீங்க ஏறி உக்காருவீங்களா?"

"உக்காருறேன். ஆனா உன்னைவிட நான் பத்து கிலோ கூட இருப்பேனே, பரவாயில்லையா?" என்றபடி கடைக்காரம்மா ஏறி அமர்ந்தாள்.

துணி நாடா ஒன்றைப் பெல்ட்டின் கீழ்ப்பக்கம் நடுவில் சுற்றி, தராசின் கொக்கியை அதில் மாட்டி, நாலரை வரும் வரை கீழே இழுத்தாள். அளவுகோலைப் பிடித்துப் பார்த்தாள். மூன்று மில்லிமீட்டர். கம்பி மாதிரி நின்றது பெல்ட்.

சக்கரத்தின் அச்சான ஆக்சிலின் நட்டுக்குக் குறுக்கே மாட்டியிருந்த ஊசியைப் பிடுங்கிவிட்டு ஸ்பேனரைப் போட்டாள். அசையவில்லை. மடங்காத காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்ததால் உடம்பின் பலத்தைக் கொடுக்க முடியவில்லை. கடைக்காரம்மா குவியலிலிருந்து ஒரு நீளக் குழாயைக் காட்டினாள். அதை ஸ்பேனர் வாலில் சொருகித் தொங்கியதும் நட் ஒரு சத்தத்தோடு இளகியது. பிறகு இரண்டு பக்கமும் உள்ள சரிக்கட்டும் போல்ட்டுகளில் சாக்குக்கட்டியால் குறி போட்டுக்கொண்டு, இரண்டையும் சமமாக அரைச் சுற்று தளர்த்தினாள். ஒரு பக்கம் கூடிப்போனால் சக்கரம் கோணும், பெல்ட் ஓரத்தில் உரசி அறுந்துவிடும். வண்டியை முன்னும் பின்னும் தள்ளி, மறுபடி இழுத்துப் பார்த்தாள். பதிமூன்று.

அதிகமாகப் போய்விட்டது. இந்தத் தளர்வில் மேடு ஏறினால் பல் தாண்டும். போல்ட்டுகளைக் கொஞ்சம் முறுக்கினாள். ஒன்பது. மனதில் கொஞ்சம் காற்று வந்தது. நட்டை இறுக்கிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை அளந்தாள். ஏழு. நட் இறுகும்போது ஆக்சிலும் நகர்ந்திருக்கிறது.

போன் அடித்தது. மருமகள். "அக்கா, எங்க இருக்கீங்க?"

வந்துகொண்டே இருக்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "பாதி வழியில நிக்கிறேன்மா. வண்டி கோளாறு. சரி பண்ணிட்டு இருக்கேன்."

"முள் சிவப்புக்குள்ள போயிடுச்சு. அளவைக் குறைச்சு வைக்கட்டுமா?"

"அதை நான் சொல்லக்கூடாது. டாக்டருக்குப் போட்டுக் கேளு, இப்பவே. அவரை நிமிர்ந்து உக்கார வை. பேச விடாதே."

போனை வைத்தபோது அவள் விரல்கள் வழுக்கின. கிரீஸா வியர்வையா என்று தெரியவில்லை. மறுபடி நட்டை இளக்கினாள். மறுபடி போல்ட்டுகள். மறுபடி நட். ஒன்பது வந்தது. மணி மூன்று முப்பத்திரண்டு. கடைக்காரம்மா இறங்கப் போனாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை" என்று சொல்லி, உட்கார்ந்தபடியே அவளைக் காலால் உந்தி வண்டியை இரண்டடி முன்னால் தள்ளச் செய்து அளந்தாள். ஐந்து.

பெல்ட் ஓடும் பல்சக்கரம் துல்லியமான வட்டமில்லை. ஒரு சுற்றில் ஓர் இடத்தில் பெல்ட் கூடுதலாக இறுகுகிறது. முதலில் அளந்தது தளர்ந்த இடம். இதை இப்படியே விட்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை பேரிங்கில் சம்மட்டி அடி விழும். இருக்கிற இருபது நிமிஷ மலைக்கு இது போதாதா என்று ஒரு யோசனை வந்தது. கடைக்காரம்மாவும் அதையேதான் முகத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பேரிங் இன்னும் கைபொறுக்காத சூட்டில் இருந்தது. சிலிண்டர் அக்கா குழாயை எடுத்து நட்டில் மாட்டினாள்.

இறுகிய இடத்தில் எட்டு வருகிற மாதிரி வைத்து, வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி நாலு இடத்தில் அளந்தாள். எட்டு, பத்து, பதினொன்று, ஒன்பது. பதினொன்று ஒரு மில்லி கூடுதல்தான். ஏற்றுக்கொண்டாள். ஊசியை மாட்டி வளைத்துவிட்டு எழுந்தபோது மணி மூன்று நாற்பத்து மூன்று.

அலறல் இல்லை. கரகரப்பு மட்டும் மெல்லத் தொடர்ந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவள் முதுகு பின்சக்கரத்தையே கேட்டுக்கொண்டிருந்தது. குடியிருப்பு வாசலைத் தொட்டபோது நாலு மணி நாலு நிமிஷம்.

முள் பூஜ்ஜியத்தில் கிடந்தது. பெரியவர் ஜன்னலோரம் நாற்காலியில் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் மேசையில் ஊன்றியிருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மருமகள் அவர் முதுகைத் தடவிக்கொண்டு, "மாமா, வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சிலிண்டர் அக்கா குழாயைப் பொருத்தினாள், வால்வைத் திறந்தாள், டாக்டர் போனில் மருமகளிடம் சொல்லியிருந்த அளவைக் கேட்டு வைத்தாள். அவர் உதட்டில் நிறம் திரும்பக் கால் மணி நேரம் ஆனது. அதுவரை அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. ஆம்புலன்ஸ் நாலரைக்கு வந்தது. அதில் வந்தவர்கள் பரிசோதித்துவிட்டு, வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்கள்.

மறுநாள் காலை முதல் வேலையாக அவள் நிரம்பிய இரண்டு சிலிண்டர்களோடு பட்டறைக்குப் போனாள். பெல்ட்டைப் பழையபடி மூன்றுக்கு இறுக்கச் சொல்லி, மெக்கானிக்கை ஓட்டச் சொன்னாள். அவன் தெருமுனை வரை போய்த் திரும்பினான். தெரு முழுக்க அந்த அலறலைக் கேட்டது. வண்டியைவிட்டு இறங்கிக் கையேட்டை வாங்கி, சின்ன எழுத்து வரியில் விரலை வைத்து இரண்டு தரம் படித்தான். "இந்த வரியை நான் பாக்கவே இல்லக்கா" என்றான். அன்று பட்டறையில் யாரும் சிரிக்கவில்லை. பேரிங்கைக் கழற்றியபோது உள்ளே குண்டுகள் சொரசொரத்து, ஒன்று பாதியாகப் பிளந்திருந்தது. புதுப் பேரிங் போட்டு, அவளையே சீட்டில் உட்காரவைத்துப் பெல்ட்டை அளந்து வைத்தான். கூலி வேண்டாம் என்றான்.

வீட்டில் அவள் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பட்டன் பேச்சை எடுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "நிக்காம போயிருந்தா?"

"அரை மணி நேரம் முன்னாடி போயிருப்பேன். இல்லன்னா போயே சேர்ந்திருக்க மாட்டேன். எதுன்னு எனக்குத் தெரியல" என்றாள்.

அடுத்த வாரம் மலைமேல் போனபோது தபால்காரர் ஓரளவு தேறியிருந்தார். அன்று வழியில் என்ன நடந்தது என்று அவரே கேட்டார். முப்பத்தெட்டு நிமிஷம் இரும்புக் கடையில் நின்றதை அவள் மறைக்காமல் சொன்னாள். நாலு இடத்தில் அளந்ததையும் சொன்னாள். அவர் மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டார்.

"நீ நின்னது சரிதாம்மா" என்றார். "ஆனா அந்த நேரத்துல உன் மேல எனக்குச் சொல்ல முடியாத கோவம்."

அவள் புதுச் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தாள், பச்சையில் நின்றது. காலிச் சிலிண்டரைச் சாய்த்து உருட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.