லேப் அக்காவும் நான் போட்ட பரீட்சையும்

எங்கள் கணிதத் துறையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பேராசிரியர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் லேப் அக்காதான். நாற்பது கம்ப்யூட்டர்கள், மக்கர் பண்ணும் பிரிண்டர், கடவுச்சொல்லை மறந்துவிட்டு முழிக்கும் புதுப் பிள்ளைகள், இத்தனையையும் பன்னிரண்டு வருடமாக ஒற்றை ஆளாய்க் கட்டி மேய்க்கிறார். அவரும் கணக்கில் பட்டம் வாங்கியவர்தான். பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரமே கம்ப்யூட்டரில் ஒரு பரீட்சை உண்டு. நாற்பது கேள்விகள். பாதி தேறாதவர்கள் ஒரு வருடம் அடிப்படை வகுப்பில் உட்கார்ந்துவிட்டுத்தான் பட்டப்படிப்புக்குள் வரமுடியும். அதைத் தயாரித்தவன் நான். திருத்துவது மெஷின், தப்பே வராது என்று மார்தட்டித் திரிந்தவனும் நானேதான்.

இந்த வருடம் ஒரு லேத் தொழிலாளி சேர்ந்தார். வயது முப்பத்து நான்கு. பட்டறையில் கெஞ்சிக் கூத்தாடி, பகலில் படிக்கச் சரியாக மூன்று வருடம் அனுமதி வாங்கியிருந்தார். ஒரு வருடம் கூடினால் படிப்பு அம்போ. மெஷின் அவருக்குக் கொடுத்த மார்க் பதினொன்று.

அடிப்படை வகுப்புப் பட்டியலில் நான் கையெழுத்துப் போடப்போகும்போது அக்கா வந்து நின்றார். கையில் அந்த ஆள் கணக்குப் போட்டுப் பார்த்த தாள். குப்பைக்குப் போகவேண்டியதை எதற்குத் தூக்கிவருகிறீர்கள் என்று எரிந்துவிழுந்தேன். அவர் அசரவில்லை. வழியெல்லாம் சரி, கடைசி வரியை மட்டும் பாருங்கள் என்றார்.

பார்த்தேன். மூன்றில் ஒன்று வரவேண்டிய இடத்தில் 0.33. ஏழில் இரண்டுக்கு 0.29. என் மெஷின் அத்தனையையும் தப்பு என்று தள்ளியிருந்தது. ஆளைக் கூப்பிட்டு விசாரித்தோம்.

"மூணுல ஒண்ணுக்கு எங்க அளவுகோல்ல கோடு கிடையாது சார். ரெண்டு தசமத்துக்கு எழுதலைன்னா சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிடுவார்."

பின்னமாக எழுதுங்கள் என்று ஒரு வரி நான் போட்டிருக்கவேண்டும். போடவில்லை. கையால் திருத்தினால் முப்பத்தொன்று வந்தது. துறைத் தலைவரிடம் போய்த் தப்பு என்னுடையது என்று சொல்லி, அந்தத் தொழிலாளியை முதலாம் ஆண்டில் சேர்த்தேன். கேட்டதும் மனிதர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் மனசு நிறைந்துபோயிற்று. என்னவோ பெரிய தர்மம் செய்துவிட்ட மாதிரி வீட்டுக்குக் கிளம்பினேன்.

அக்கா விடவில்லை.

"பட்டியல்ல இன்னும் அம்பத்தோரு பேர் இருக்காங்களே சார். அவங்க தாளை யார் பாக்கறது?"

பையைக் கீழே வைத்தேன். இருவருமாக உட்கார்ந்து பார்த்ததில் ஒன்பது பேர் தேறினார்கள். ஒவ்வொருவர் தடுக்கி விழுந்ததும் ஒவ்வொரு இடத்தில். கடைசிப் பெண்ணுக்கு அக்காவே போன் போட்டார். அவள் ஊருக்குத் திரும்பிப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாளாம்.

"பெட்டியைப் பிரிச்சு வைம்மா," என்றார் அக்கா. "திங்கக்கிழமை கிளாஸ் இருக்கு."