நான் போடாமல் விட்ட கூம்பு

நான்கு வருடங்களுக்கு முன்பு, பெரம்பலூர் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்பில் பெண்கள் ஐந்தே பேர். படம் வரைவதில் அந்த ஐந்து பேரில் மட்டுமல்ல, மொத்த வகுப்பிலேயே நான்தான் பெரிய ஆள் என்று எனக்கு நினைப்பு. டிராயிங் பரீட்சையில் மற்றவர்கள் அழித்து அழித்துத் தாளை ஓட்டையாக்கிக்கொண்டிருக்கும்போது, நான் முடித்துவிட்டுப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வேடிக்கை பார்ப்பேன். இப்போது நினைத்தால் எனக்கே என் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போலிருக்கிறது.

அந்த வருடம்தான் ‘டிசைன்’ பாடம் ஆரம்பித்தது. பாடம் எடுத்த மேடம் கொஞ்சம் வித்தியாசமானவர். இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, வேலை செய்கிற யாருக்காவது உபயோகமாக ஒன்றைச் செய்யுங்கள் என்று அனுப்பிவிட்டார். செய்ததை அவர்கள் இடத்திலேயே, அவர்கள் கையாலேயே ஓட்டிக் காட்ட வேண்டும். அந்த நேரத்தில் நாங்கள் அதைத் தொடவே கூடாது. ஓடவில்லையென்றால் அரியர்.

எனக்கு ஜோடியாக வந்தவள் குரும்பலூர்க்காரி, என் நெருங்கிய தோழி. அவள் ஸ்காலர்ஷிப்பில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு அரியர் விழுந்தாலும் அது போய்விடும். அதனால் படம் வரைகிற வேலையை, “நீதான்டி நல்லாப் போடுவ” என்று முழுசாக என்னிடம் விட்டுவிட்டாள். பாவம், நம்பினாள்.

ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு முந்திரிக் கொட்டகையைப் பிடித்தோம். அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சின்ன மெஷினில் முந்திரிக் கொட்டையை உடைப்பார்கள். ஒரு கையால் கொட்டையை இரண்டு கத்திகளுக்கு நடுவில் வைத்து, இன்னொரு கையால் கைப்பிடியை அழுத்த வேண்டும். ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் தெறித்தால் தோல் வெந்துவிடும். தெறிக்காமல் இருக்க ஒரு தடுப்புத் தகடு வைத்துப் புது மெஷின் செய்வது எங்கள் திட்டம். கொட்டகை முதலாளியிடம் போனில் பேசி அளவுகளை வாங்கிக்கொண்டோம். அந்தப் பெண்களில் ஒருவரிடமாவது பேச வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

படத்தை இரண்டே நாளில் போட்டு முடித்தேன். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒரு பொருளைப் பக்கவாட்டில் பார்த்து வரைகிற படத்தைத் தாளில் எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கு இரண்டு முறைகள் உண்டு. நம் நாட்டில் ஒன்று, அமெரிக்காவில் அதற்கு நேர்மாறாக இன்னொன்று. எந்த முறையில் வரைந்தோம் என்று தெரிவதற்காகத் தாளின் ஓரத்தில் சின்னதாக ஒரு கூம்புப் படம் போட வேண்டும். அரை நிமிட வேலை. நான் ஒரு வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து அவர்கள் முறையில் வரைந்திருந்தேன். கூம்பைப் போடவில்லை.

“கூம்பு எங்கடி?” என்று தோழி கேட்கத்தான் செய்தாள்.

“அதெல்லாம் ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைங்களுக்குடி” என்றேன். அந்தத் திமிருக்குத்தான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கொட்டகைக்குக் கிளம்பும் நாள் காலையில் கல்லூரி ஒர்க்ஷாப்புக்குப் போனோம். அங்கே வேலை பார்க்கும் அண்ணன், நாங்கள் கொடுத்திருந்த படத்தைப் பார்த்து மெஷினைச் செய்து, பெயின்ட் எல்லாம் அடித்து அழகாக வைத்திருந்தார். கிட்டே போய்ப் பார்த்தேன். கைப்பிடி, தகடு எல்லாமே பக்கம் மாறி இருந்தன. வலது கைக்கு வர வேண்டியது இடது கைக்கு வந்திருந்தது.

“என்னங்கண்ணே, மாத்திப் பண்ணிட்டீங்க?”

அவர் படத்தை எடுத்து நீட்டினார். “படத்துல இருக்கறதத்தாம்மா செஞ்சேன். உன் மனசுல இருக்கறத எப்புடிம்மா செய்யறது?”

கூம்பு இல்லாத படத்தை அவர் நம் ஊர் முறையில்தான் படித்திருக்கிறார். தப்பு முழுக்க என்னுடையது. வெளியே வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கழற்றி மாட்ட நேரமில்லை. வேனில் தோழி என்னைத் திட்டவே இல்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அவள் ஸ்காலர்ஷிப் போய்விடுமே என்பதுதான் வழி முழுக்க என் நினைப்பு.

கொட்டகையில் மெஷினை இறக்கி வைத்ததும் ஒரு அக்கா வந்து உட்கார்ந்து பார்த்தார். கையைக் குறுக்கே போட்டு அழுத்தினார், கொட்டை தெறித்து ஓடியது. அடுத்தவர் திரும்பி உட்கார்ந்து பார்த்தார். மூன்றாவது அக்கா, “ஏம்மா, இத கண்ணாடியில பாத்து செஞ்சீங்களா?” என்று கேட்க, கொட்டகையே சிரித்தது. மார்க் போட எங்களோடு வந்திருந்த மேடம் நோட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். “தள்ளுங்கடி, நான் பாக்கறேன்.”

முப்பத்தைந்து வயது இருக்கும் அந்த அக்காவுக்கு. வந்து உட்கார்ந்தார். வலது கையால் கொட்டையை வைத்தார், இடது கையால் அழுத்தினார். டக். ஓடு இரண்டாகப் பிளந்து முழுப் பருப்பு விழுந்தது. இன்னொன்று, டக். அடுத்து இன்னொன்று. பத்துக் கொட்டையில் ஒன்றில்தான் பருப்பு நொறுங்கியது. தகடும் வேலை செய்தது, ஒரு சொட்டு எண்ணெய்கூட அவர் மேல் தெறிக்கவில்லை.

“நொட்டாங்கைக்காரிக்கு மிசின் வந்துருச்சு டோய்!” என்று யாரோ கத்த, மற்றவர்கள் கை தட்டினார்கள். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: “இப்புடி ஒருத்தி இங்க கெடக்கறேன்னு உனக்கு யாரு பாப்பா சொன்னா?”

மேடமும் என்னைப் பார்த்தார். தோழி பின்னாலிருந்து என் முதுகில் கிள்ளினாள். ‘விசாரிச்சோம்க்கா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அரியர் இல்லை, ஸ்காலர்ஷிப் தப்பிக்கும், அக்காவுக்கும் சந்தோஷம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

“யாரும் சொல்லலக்கா. வலது கைக்குத்தான் செய்ய நெனச்சோம். நான் படத்தத் தப்பாப் போட்டுட்டேன்” என்றேன். குரல் உடைந்து, கடைசி வார்த்தை அழுகையாகவே வந்தது.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். “அட, அழுவாத புள்ள! பள்ளிக்கூடத்துல இந்தக் கையில பல்பம் புடிச்சா அடி. இங்க வந்தும் சோத்தாங்கையிலதான் அழுத்திக்கிட்டுக் கெடக்கறேன். சரியாச் செஞ்சவங்க ஒருத்தரும் எனக்குன்னு செய்யல. நீ தப்பாவாச்சும் செஞ்சியே!”

மேடம் நோட்டில் எழுதினார். வேன் கிளம்பும் முன் எங்களுக்குக் காட்டினார். பாஸ். அதற்குக் கீழே, ‘செய்வதற்கு முன்பு எத்தனை பேரிடம் கேட்டீர்கள்?’ என்று ஒரு வரி. தோழி நடுக் கொட்டகையில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். அதற்குப் பிறகுதான் வேனில் என்னைத் திட்ட ஆரம்பித்தாள். பெரம்பலூர் வரும் வரைக்கும் நிறுத்தவில்லை, எனக்கு அது தேனாக இருந்தது.

அதற்கு முன், கொட்டகையில் வேன் ஏறப்போகும்போது அந்த அக்கா ஓடி வந்தார். அந்த மெஷினில் உடைத்த முதல் பருப்பைத் துடைத்து, தோலோடு கொண்டுவந்திருந்தார். “திங்காத, இன்னும் காயணும். இந்தக் கையாலதான் குடுப்பேன், தப்பா நெனைக்காத” என்று இடது கையை நீட்டினார். இடது கையால் யாருக்கும் எதையும் கொடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். யோசிக்காமல் என் இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

அடுத்த மாதமே திரும்பப் போய், கைப்பிடியையும் தகட்டையும் இரண்டு பக்கமும் மாற்றி மாட்டும்படி திருத்திக் கொடுத்தோம். இந்தத் தடவை எல்லா அக்காக்களிடமும் கேட்ட பிறகுதான் பென்சிலையே எடுத்தேன்.

இப்போது ஒரு கம்பெனியில் டிசைன் வேலைதான் பார்க்கிறேன். அந்தப் பருப்பு காய்ந்து சுருங்கி என் பழைய ஜியோமெட்ரி பாக்ஸில் கிடக்கிறது. புதுப் படம் ஆரம்பிக்கும்போதெல்லாம் முதலில் ஓரத்தில் அந்தக் கூம்பைப் போட்டுவிட்டு, இந்த மெஷின் முன்னால் உட்காரப்போகிறவர் எந்தக் கையை நீட்டுவாரோ என்று யோசிக்கிறேன். அப்படி யோசிக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த அக்கா சிரித்த சிரிப்பு எனக்கும் தொற்றிக்கொள்கிறது.