காப்பைத் திரும்பப் போட்ட நாள்

என் மகன் சிறையில், மறியலில் அடைபட்டதில் எனக்கும் பங்கிருந்தது என்பது, புத்தளம் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

அவன் முந்தலில் இறால் பண்ணை ஒன்றில் வேலை செய்கிறான். தலாக் முடிந்து, மருமகள் இரண்டு பிள்ளைகளோடு கனமூலைக்கு, தன் வாப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். தலாக்குக்குப் பின் அவள் காத்திருக்க வேண்டிய இத்தாக் காலத்தின் செலவையும் பிள்ளைகளுக்கு மாதாமாதம் கட்ட வேண்டிய தாபரிப்பையும் எங்கள் விவாக வழக்குகளைத் தீர்க்கும் காதியார் தீர்மானித்தார். இரண்டு மாதம் கட்டினான். பிறகு இறாலுக்கு நோய் விழுந்து சம்பளம் பாதியானது.

"உடு மகன், நான் அனுப்புறன்தானே" என்று சொன்னது நான்தான்.

அனுப்பவும் செய்தேன். அரிசி, தேங்காய், கருவாடு, நோன்பில் கஞ்சிக்கு இறைச்சி, பெருநாளுக்கு உடுப்பு. வாப்பாவைப் பெற்ற வாப்பும்மாவின் வீட்டிலிருந்து போவது வாப்பா கொடுத்ததுதான் என்று எங்கள் பக்கத்தில் நினைப்போம். பல வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த எனக்கும் வேறு நினைப்பு வரவில்லை. சம்பளம் பழையபடி ஆன பிறகும் அவன் கட்டவில்லை. நானும் கேட்கவில்லை. காதியார் விஷயத்தை நீதவானுக்கு அனுப்பினார். பணம் கட்ட நீதவான் தந்த இரண்டு தவணை நாளும் வெறுமனே போனது.

மூன்றாம் தவணையில் அவன் கூண்டில் நின்றான்.

"உம்மா சாமானெல்லாம் அனுப்புற, சேர்" என்றான். மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொன்னார். நீதவான் மருமகளிடம், வந்ததா என்று கேட்டார்.

நான் அவள் வாயையே பார்த்தேன். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், நான் பொய்க்காரி. வந்தது என்று மட்டும் சொன்னால் அவன் தப்பிவிடுவான் என்றும் ஒரு ஆசை.

"வந்த, சேர். ஒரு மாசமும் தவறல்ல. எல்லாம் மாமிட கையால வந்த. புள்ளைகள்ட வாப்பாட கையால ஒண்டும் வரல்ல."

அதில் ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கோபம்கூட இல்லை. பெரிய ஆட்களெல்லாம் அந்தக் கட்டடத்தில் சத்தம் போட்டுப் பேசியதைக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை.

இன்று கட்ட முடியுமா என்று நீதவான் அவனிடம் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் எழும்பி, கையிலிருந்த காப்பைக் கழற்றினேன்.

"அம்மா, இருங்க. இது அடகுக் கடை இல்ல" என்றார் பொலிஸ்காரர். யாரோ சிரித்தார்கள்.

மருமகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். மெல்லத்தான் சொன்னாள், ஆனால் கூண்டுக்குக் கேட்டது.

"போடுங்க மாமி அத. இதயும் நீங்களே குடுத்தா, அவர் எப்ப வாப்பாவாகுற?"

காப்பு திரும்ப ஏறவில்லை, கை வீங்கியிருந்தது. அவள் என் விரல்களைச் சேர்த்துப் பிடித்து, மெதுவாக ஏற்றிவிட்டாள். அந்த நேரம் நீதவான், பணத்தைக் கட்டும் வரை மறியல் என்று தீர்ப்பைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலை நிமிர்ந்தபோது கூண்டு வெறுமையாக இருந்தது.

"வெள்ளிக்கிழம புள்ளைகள் உங்கட வீட்ட வாற. மறந்துடாதீங்க" என்றாள், பஸ் ஏறும்போது.

ஆறாம் நாள், மோட்டார் சைக்கிளை விற்று நீதிமன்றத்தில் கட்டச் சொல்லி மறியலிலிருந்து தன் கூட்டாளிக்குச் சொல்லியனுப்பினான் மகன். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து, என்னிடம் கேட்காமல் அவன் செய்த முதல் காரியம் அது.