கொல்கத்தாவில் தம்பி வாசித்த முதல் வாசகம்

ரசகுல்லா சாப்பிடவோ ஹவுரா பாலம் பார்க்கவோ போன பயணம் இல்லை இது. தேவாலயத்துத் தமிழ்த் திருப்பலியில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிக்க ஒப்புக்கொண்டதாக, கொல்கத்தாவில் ரயில்வே வேலையிலிருக்கும் தம்பி அருள் டிசம்பர் கடைசியில் போன் செய்தான். அன்றே டிக்கெட் போட்டேன். அருளுக்குச் சின்ன வயதிலிருந்து திக்குவாய். நாற்பத்தோரு வயது வரை வாசக மேடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன்.

திருச்சியில் எங்கள் பங்குக் கோயிலில் பதினெட்டு வருடமாக வாசகம் வாசிக்கிறவள் நான். அந்தக் கெத்தில், வீட்டிலிருந்த வாசகப் புத்தகத்திலிருந்து அந்த ஞாயிறுக்கான பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். மூன்று வாரம் மனப்பாடம் செய்தான்.

சென்னை சென்ட்ரலில் வெள்ளி காலை ஏழு மணிக்கு ரயில். 1,660 கிலோமீட்டர், மூன்றடுக்கு ஏசியில் 1,800 ரூபாய். சனி காலை பதினொன்றுக்கு ஹவுரா. அங்கிருந்து அருள் வீடு இருக்கும் கார்டன் ரீச் ரயில்வே குடியிருப்புக்கு மஞ்சள் டாக்ஸியில் 350.

அருள் வீட்டில் தினமும் மாலை ஏழரைக்கு ஜெபமாலை. முடிந்ததும் பைபிளில் அடுத்த அதிகாரத்தை ஒருவர் வாசிக்க வேண்டும். அன்று அருளின் முறை. திக்கினான். அவன் மனைவி ஷீலா குனிந்த தலை நிமிராமல் காத்திருந்தாள். வாசிப்பவர் நின்றால் யாரும் சொல் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். நான் இரண்டு முறை மீறி, ஷீலாவிடம் முறைப்பு வாங்கினேன்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு சால்ட் லேக்கில் திருப்பலி. பதினெட்டு கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம், 520 ரூபாய். வழியெல்லாம் அருள் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். பரீட்சைக்குப் போகிறீர்களா என்று டிரைவர் கேட்டார். "ஆமா தாதா, பெரிய பரீட்சை" என்று, அண்ணனை 'தாதா' என்னும் வங்காளத்தில் அருள் சொல்ல, அவர் ஹாரன் அடித்து வாழ்த்தினார்.

கோயிலில் வாசக நூலைத் திறந்து பார்த்தேன். அது வேறு வாசகம். ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வரும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தோடு புது ஆண்டு தொடங்கிவிடும். நான் அனுப்பியது பழைய ஆண்டுப் புத்தகம். பதினெட்டு வருட அனுபவத்தின் லட்சணம் இது! திருப்பலி தொடங்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நீ விடுடா, நான் வாசிக்கிறேன்" என்றேன்.

அருள் பக்கத்தை ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்தான். "வே... வேண்டாம்க்கா. வீட்ல தினமும் புது அதிகாரம்தான வாசிக்கிறேன்."

மேடையேறினான். இரண்டு வரி சரளமாகப் போனது. மூன்றாவதில் நின்றுவிட்டான். என் உதட்டு நுனியில் அந்தச் சொல் துடித்தது. ஷீலா தலைகுனிந்து காத்திருந்தாள், நானும் குனிந்தேன். பிறகு அருள் அந்தச் சொல்லை முழுசாக, நிதானமாகச் சொன்னான். இன்னும் நான்கு இடத்தில் நின்றான், நான்கிலும் கடந்தான். கடைசியில் நிமிர்ந்து "ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு" என்று அவன் முடிக்க, கூடியிருந்த எழுபது பேரும் "இறைவா உமக்கு நன்றி" என்று சொன்ன சத்தத்தில் என் குரல்தான் பெரியது. சந்தோஷத்தில் வெட்கமே வரவில்லை. அடுத்த மாதமும் அவனே வாசிக்க வேண்டும் என்று திருப்பலி வைத்த சாமியார் அங்கேயே சொல்லிவிட்டார்.

போகிறவர்களுக்கு: தமிழ்த் திருப்பலி மாதம் ஒருமுறைதான், தேதியைப் போனில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஜனவரியில் ஸ்வெட்டர் அவசியம். வாசிக்க அழைத்தால் எந்த ஆண்டு வாசகம் என்று பாருங்கள். அருள் வாசிக்கும் ஞாயிறாக இருந்து, அவன் நடுவில் நின்றால், யாரும் சொல் எடுத்துக் கொடுக்காதீர்கள். அவனே சொல்வான்.